எல்லாவற்றுக்கும் ஒரு துப்பாக்கி

நாவல் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம் ஜனங்களுக்கு ஓர் எண்ணம். என் கதை ஒன்றில் ஒரு மில் முதலாளி சுட்டுக் கொல்லப்படுகிறான். ஆறு குண்டு கொள்ளும் ரிவால்வரிலிருந்து அந்த அத்தியாயத்தில் ஏழு வேட்டுகள் தீர்ந்திருக்கின்றன என்று தாராபுரத்து வாசகர் ஒருவர் கணக்குப் போட்டு எழுதியிருந்தார். அப்படிப்பட்ட என்னிடம் துப்பாக்கி வாங்க ஒருவன் யோசனை கேட்டு வந்தான் என்றால், அவன் எவ்வளவு கலங்கிப் போயிருக்க வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்தவன் வேறு யாருமில்லை, என் சின்னம்மா மகன். நல்லூரில் காங்கயம் ரோட்டை ஒட்டி இருபது தையல் மிஷின் போட்டுப் பனியன் தைக்கிறான். சின்னம்மாவும் சித்தப்பாவும் பல்லடத்துக்குத் தெற்கே தோட்டத்துச் சாளையில் இருக்கிறார்கள். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்:

"ஏனுங்கண்ணா, ஒரே ஒரு துப்பாக்கிதான் வாங்கலாம்னா எதை வாங்கறது? காட்டுப் பன்னிக்கும் ஆகோணும், திருடனுக்கும் ஆகோணும். நாளைக்கு ஊர் உலகமே தலைகீழாப் போனாலும் கைகொடுக்கோணும்."

எனக்குச் சிரிக்க மனம் வரவில்லை. 2024 நவம்பரில் பல்லடத்தை அடுத்த சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேரைக் கொன்று போட்டார்கள். ஆறு மாதம் ஆவதற்குள், 2025இல், ஈரோடு ஜில்லா சிவகிரிப் பக்கம் தோட்டத்தில் தனியாக இருந்த ஒரு கிழத் தம்பதிக்கும் அதே கதி. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்து டீக்கடைகளில் துப்பாக்கிப் பேச்சு சகஜமாகிவிட்டது. பயம் நிஜமான பயம். அதைப் பரிகாசம் செய்கிறவன் பட்டணத்தில் மூன்றாவது மாடியில், கீழே காவல்காரன் உட்கார்ந்திருக்கும் கட்டடத்தில் குடியிருப்பவனாகத்தான் இருப்பான்.

ஆகவே முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் உபதேசத்தில் இறங்குவது ஒருவகை மோசடி.

ஒன்றே ஒன்று என்றால் அது பன்னிரண்டு போர் வேட்டைத் துப்பாக்கிதான். ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால் அதில் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குச் சரியாக இருக்குமோ, அந்தக் குழல் பன்னிரண்டு போர். அதன் பெருமை குழலில் இல்லை, போடுகிற தோட்டாவில் இருக்கிறது. பொடி ரவை போட்டால் பறவை; பெரிய ரவை போட்டால் பன்றி; ஒற்றைக் குண்டு போட்டால் அதைவிடப் பெரியது. நாற்பது கஜத்துக்கு அப்பால் ரவையின் வேகம் போய்விடும் என்பதுகூட, சுற்றிலும் குடியிருப்பு உள்ள நாட்டில், ஒரு நற்குணம். ஒற்றைக்குழல் துப்பாக்கியில் கெட்டுப்போவதற்கு அதிகமாக உறுப்புகளும் இல்லை.

என் தம்பியின் மனசில் இருந்தது ரிவால்வர். கான்பூரில் சர்க்கார் தொழிற்சாலையில் செய்கிறார்களே, 32 ரிவால்வர், அது. பனியன் கம்பெனிக்காரர்கள் சிலர் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்கு வருவதைப் பார்த்திருக்கிறான். சட்டைக்கு மேலே கொஞ்சம் தெரியும்படி வைத்துக்கொள்வார்கள், அதற்குத்தானே வாங்கியது? பத்தடி தூரத்தில், பதறாத கையில், பழகின ஆளிடம் அது ஆயுதம். மற்றவர்களிடம் அது நகை. பன்றி அதைக் கண்டு மறுபடி கடலைக்காட்டுக்கே திரும்பி மேயும்.

315 ரைபிள் என்று ஒன்று உண்டு. பட்டாளத்துத் தோட்டா குடிமக்கள் கையில் சிக்கக் கூடாது என்று வெள்ளைக்காரன் 303ஐத் தடுத்தான்; அதற்குப் பதிலாகப் புழக்கத்துக்கு வந்தது இது. நல்ல ரைபிள்தான். ஆனால் குறி தப்பினால் குண்டு நிற்காது. நம் தோட்டத்தில் சுட்டது அடுத்த ஊர்த் திண்ணையில் போய் விழும். அதற்கு நாம் பதில் சொல்ல வேண்டும்.

ஆக, பன்னிரண்டு போர். இதோடு விஷயம் முடிந்திருக்கலாம். "எல்லாவற்றுக்கும்" என்ற வார்த்தையை மட்டும் அவன் சொல்லாமல் இருந்திருந்தால்!

எல்லாவற்றுக்கும் ஆகிற துப்பாக்கி ஒன்றைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1965 மார்ச்சில் லியோனோவ், பெல்யாயெவ் என்ற இரண்டு ருஷ்ய விண்வெளி வீரர்கள் குறித்த இடத்தைத் தப்பிச் சில நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பனிக் காட்டில் வந்து இறங்கினார்கள். இரண்டு இரவு. ஓநாயும் கரடியும் உலவுகிற காடு. கையில் இருந்தது ஒரு கைத்துப்பாக்கி. வானத்தில் மிதந்த முதல் மனிதன் தரையில் ஓநாய்க்குப் பயந்து உட்கார்ந்திருந்தான். அந்த அநுபவத்துக்குப் பிறகு யோசித்து, 1986இலிருந்து விண்கலங்களில் வைத்தனுப்ப ஒரு விசேஷத் துப்பாக்கி செய்தார்கள். அது எப்படி இருந்தது தெரியுமா? மூன்று குழல்! இரண்டு ரவைக்கு, ஒன்று ரைபிள் தோட்டாவுக்கு. பின்கட்டையைக் கழற்றினால் அரிவாள். ஒரு ராஜ்யத்தின் எஞ்சினீயர்கள் அத்தனை பேரும் கூடி "ஒன்று" என்று செய்தது, எண்ணிப் பார்த்தால் நான்கு. 2007 வாக்கில் அதையும் ஒதுக்கிவிட்டார்கள். துப்பாக்கி பழுதாகவில்லை, அதற்கென்று செய்த தோட்டாக்களுக்கு வயசாகிவிட்டது.

தோட்டா தீர்ந்தால் துப்பாக்கி ஒரு கம்பி. இதை ஜிம் கார்பெட்டைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. 1907இல், 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை அவர் எதிர்கொண்டபோது கையிலிருந்த மூன்று தோட்டாவும் தீர்ந்துவிட்டன. கூட வந்திருந்த தாசில்தாரின் துப்பாக்கியை ஓடிப் போய் வாங்கி வந்துதான் அவர் காரியத்தை முடித்தார். மலைமேலே ஏறக்குறைய முந்நூறு கிராமத்தார் கூச்சலும் கொட்டுமாகப் புலியைக் கிளப்பிக் கொடுத்திருந்தார்கள். கதையைப் படிக்கிற பையன்கள் கார்பெட்டின் ரைபிளை ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். முந்நூறு பேரை மறந்துவிடுகிறார்கள்.

என் தம்பியும் அந்த முந்நூறு பேரைத்தான் மறந்துவிட்டான்.

அவன் சொன்ன மூன்று காரியங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம். முதலில் பன்றி. பன்றியைச் சுட அவனுக்கு உரிமை கிடையாது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. 2025இல் தமிழ்நாட்டு சர்க்கார் கொஞ்சம் இரங்கி, காப்புக் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியைச் சுடலாம் என்றது. யார் சுடலாம்? பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர். பன்றி இரவு ஒரு மணிக்கு வரும். ஊழியர் எப்போது வருவார் என்பது பன்றிக்குத்தான் வெளிச்சம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2022இலேயே பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவு கொடுத்து, லைசென்ஸ் உள்ள உள்ளூர்க்காரன் சுட வழி செய்துவிட்டார்கள். இங்கே லைசென்ஸ் உள்ளவன் துப்பாக்கியைத் துடைத்து வைத்துக்கொண்டு பன்றி மேய்வதைப் பார்க்கலாம். இது அநியாயம் என்று நான் சொல்லத் தயார். யார் காதில் விழுகிறதோ விழட்டும். ஆனால் அநியாயம் தீரும் வரையில் அந்தக் காரியத்துக்குத் துப்பாக்கி உதவாது.

இரண்டாவது, திருடன். இங்கேதான் என் வயிற்றெரிச்சல். லைசென்ஸ் என்பது ஆளுக்குக் கொடுப்பது, வீட்டுக்குக் கொடுப்பதல்ல. என் தம்பி பேரில் வாங்கினால் சித்தப்பா அதைத் தொடக் கூடாது. சித்தப்பா பேரில் வாங்கலாமே என்றால், அவருக்கு எழுபத்துநாலு வயசு, ஒரு கண்ணில் புரை. 2016ஆம் வருஷத்து விதிகளின்படி டாக்டர் சான்று வேண்டும், பயிற்சிச் சான்று வேண்டும், பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லாம் கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். பூட்டி வைத்தால் நடுராத்திரியில் சாவி தேட வேண்டும். தலைமாட்டில் வைத்தால், முதலில் உள்ளே நுழைகிறவனுக்கு ஒரு துப்பாக்கி லாபம். தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். திருடனும் தேர்தல் நடத்தை விதிகளை அநுசரித்து வீட்டில் இருப்பான் என்று சர்க்கார் நம்புகிறது போலிருக்கிறது.

என் அப்பிச்சியிடம் ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. உடுமலைக்குத் தெற்கே மலையடிவாரத் தோட்டம். பயிர்க் காவலுக்கு என்று வாங்கிய லைசென்ஸ். நான் அப்போது பள்ளிக்கூட லீவுக்குப் போயிருந்தேன். ஓர் இரவு நாய் குரைத்தது. மக்காச்சோளத் தட்டு அசைந்தது. அப்பிச்சி நல்ல வேட்டைக்காரர், நிதானஸ்தர். கூப்பிட்டுப் பார்த்தார், பதில் இல்லை. சுட்டார். விடிந்து பார்த்தால், கட்டுத்தரையிலிருந்து கயிற்றை அறுத்துக்கொண்டு போயிருந்த எங்கள் காங்கயத்துக் கிடாரி. அம்மாயி அன்று அடுப்பு மூட்டவில்லை. அப்பிச்சி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் துப்பாக்கியைப் பரணில் போட்டார். அந்தத் தட்டுக்குள் நான் இருந்திருக்கலாம். சாயங்காலம் வரையில் அங்கேதான் ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது, உலகம் தலைகீழாவது. ஏதோ இனிமேல் வரப் போகிற விஷயம்போல இதைப் பேசுகிறார்கள். 2020 மார்ச் 25ஆம் தேதி அது வந்து போய்விட்டதே! அந்த மார்ச் மாதத்தில் அமெரிக்காவில் துப்பாக்கிக் கடைகளின் வாசலில் கியூ நின்றது. துப்பாக்கி வாங்குவோரைப் பற்றி விசாரிக்கும் அவர்களுடைய இலாகாவுக்கு அந்த ஒரு மாதத்தில் முப்பத்தேழு லட்சம் மனுக்கள் போயின. நல்லூரில் கதவைத் தட்டியது யார்? ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் மிஷின்களில் உட்கார்ந்திருந்த பையன்கள். கம்பெனி மூடிவிட்டது, மெஸ் மூடிவிட்டது, ரயில் இல்லை. அவர்கள் கேட்டது அரிசி. என் தம்பி இரண்டு மூட்டை அரிசியும் ஒரு டின் எண்ணெயும் கொடுத்தான். அன்று அவன் இடுப்பில் ரிவால்வர் இருந்திருந்தால் கதவைத் திறந்திருப்பானா என்று எனக்குச் சந்தேகம். பிறகு கம்பெனி திறந்தபோது அதே பையன்கள் திரும்பி வந்து நின்றார்கள். அதனால்தான் இன்று அவனிடம் துப்பாக்கி வாங்கப் பணம் இருக்கிறது.

நம் நாட்டில் ஒரே துப்பாக்கியை வைத்துக்கொண்டு வாழ்ந்து காட்டியவர்கள் நரிக்குறவர்கள். தோளில் கரிமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி, அதுவும் பாதி நேரம் நனைந்துபோன மருந்து. அவர்களாவது அதை நம்பினார்களா? கண்ணி வைத்தார்கள், வலை விரித்தார்கள், கூட்டமாகவே நடந்தார்கள், கூட்டமாகவே படுத்தார்கள். சந்தைக்குச் சந்தை ஊசியும் பாசியும் விற்றார்கள்.

இவ்வளவும் தம்பியிடம் சொன்னேன். "அப்ப என்னதாங்கண்ணா செய்யறது? சும்மா இருக்கச் சொல்றீங்களா?" என்றான். கோபம்தான், நியாயமான கோபம்.

"உங்கப்பன் சாளையிலே முன்னெல்லாம் ராத்திரி எத்தனை பேர் படுத்திருந்தாங்க, ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டேன்.

விரல் விட்டு எண்ணினான். தாத்தா, ஆத்தா, இரண்டு சித்தப்பன்மார், பண்ணையத்து ஆட்கள், நாங்கள் ஏழெட்டுக் குழந்தைகள், இரண்டு நாய். கூப்பிடு தூரத்தில் அடுத்த சாளை. அங்கே ஒரு பத்துப் பேர். எண்ணிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். அத்தனை பேரும் எங்கே போனார்கள் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நல்லூருக்கு, ராக்கியாபாளையத்துக்கு, கோயம்புத்தூருக்கு. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். என்னை யோக்கியன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பனியன் நமக்குச் சோறு போட்டது. தோட்டத்து வீடுகளை அது காலி செய்தது. இப்போது மகன் படுக்க வேண்டிய திண்ணையில் ஒரு துப்பாக்கியைச் சாத்தி வைக்கலாமா, எந்த மார்க்கு நல்லது என்று கேட்கிறோம்.

நல்லூரிலிருந்து அந்தத் தோட்டம் காரில் முக்கால் மணி நேரம். "ராத்திரி நீ அங்கே போய்ப் படுத்துக்கோ. முடியாட்டி அவங்களை இங்கே கூட்டிட்டு வா. ரெண்டும் ஆகாதுன்னா காட்டிலே ஒரு குடும்பத்தைக் குடி வை" என்றேன். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கடி என்றான். அவர்கள் தோட்டத்தை விட்டு வரமாட்டார்கள் என்றான். காட்டில் குடியிருக்க இந்தக் காலத்தில் ஆள் கிடைப்பதில்லை என்றான். மூன்றும் உண்மை.

போன வாரம் சின்னம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். துப்பாக்கி விஷயத்தை மெதுவாக எடுத்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, "அந்தக் கருமத்தை வாங்கி வெச்சா அதுக்கு யாரு சாமி காவல் இருக்கறது?" என்று கேட்டுவிட்டு, எனக்குக் கருப்பட்டிக் காப்பி போட உள்ளே போனாள். சாயங்காலம் ஆறு மணிக்கே கதவைத் தாழிட்டு, தாழ்ப்பாளுக்கு ஓர் உலக்கையையும் முட்டுக் கொடுத்தார்கள்.

தம்பி மனுப் போட்டுவிட்டானாம். 32 ரிவால்வருக்குத்தான். அவன் பேரில், நல்லூர் வீட்டு விலாசத்துக்கு.