ஒரு நாள் முதலாளிகள்

ஆண்டுப் பொதுக்கூட்டம் மைதானத்திலிருந்து கணினித் திரைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. சிறு பங்குதாரரின் வாக்குக்கு வலு கூடியிருக்கிறது. குரல்தான் கம்மிவிட்டது.

1986ஆம் ஆண்டு பம்பாய் கிராஸ் மைதானத்தில் திரண்ட கூட்டம் எந்த அரசியல் கட்சியையும் பொறாமைப்பட வைத்திருக்கும். வந்தவர்கள் 30 ஆயிரத்துக்கும் மேல். அத்தனை பேரும் தீருபாய் அம்பானியின் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் பங்குதாரர்கள். 34 ஆண்டுகள் கழித்து, 2020 ஜூலை 15 அன்று, அதே நிறுவனத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு மைதானமும் தேவைப்படவில்லை, அரங்கமும் தேவைப்படவில்லை. தீருபாயின் மகன் முகேஷ் அம்பானி காமிராவைப் பார்த்துப் பேசினார். பங்குதாரர்கள் வீட்டிலிருந்தபடி கேட்டார்கள்.

மாறியது இடம் மட்டுமல்ல. கம்பெனியின் சொந்தக்காரர்களுக்கும் அதை நடத்துபவர்களுக்கும் இடையிலான உறவும் மாறியிருக்கிறது. ஆண்டு முழுவதும் இயக்குநர் குழு வைத்ததுதான் சட்டம். ஒரே ஒரு நாள் மட்டும், பத்துப் பங்கு வைத்திருப்பவரும் எழுந்து, "என் பணத்தை என்ன செய்தீர்கள்?" என்று கேட்கலாம். அந்த ஒரு நாளை ஒழுங்காக நடத்தி முடிக்கத்தான் கம்பெனி செயலர்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

ஏற்பாடுகள் காலண்டரைப் பின்னோக்கி எண்ணுவதில் தொடங்குகின்றன. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, நிதியாண்டு முடிந்த 6 மாதத்துக்குள் கூட்டம் நடந்தாக வேண்டும். மார்ச் 31ல் கணக்கை முடிக்கும் கம்பெனிக்குக் கெடு செப்டம்பர் 30. சந்தை மதிப்பில் முதல் 100 இடங்களில் உள்ள கம்பெனிகளுக்கு செபி ஒரு மாதத்தைக் குறைத்து ஆகஸ்ட் 31 என்று கெடு வைத்திருக்கிறது. தேசிய விடுமுறை நாளில் கூட்டம் போட முடியாது. காலை 9 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில்தான் கூட்ட வேண்டும். நோட்டீசுக்கும் கூட்டத்துக்கும் நடுவே 21 முழு நாட்கள் இருக்க வேண்டும். அனுப்பிய நாளும் கூட்ட நாளும் இந்தக் கணக்கில் சேராது. ஆக, தணிக்கை முடிந்த கணக்கும் இயக்குநர் குழுவின் அறிக்கையும் அதற்கு முன்பே தயாராகிவிட வேண்டும்.

நிகழ்ச்சி நிரலில் வழக்கமான விஷயங்கள் நான்குதான்: கணக்கை ஏற்பது, டிவிடெண்டு அறிவிப்பது, ஓய்வு பெறும் இயக்குநர்களின் இடத்தை நிரப்புவது, தணிக்கையாளரை நியமிப்பது. மற்றதெல்லாம் சிறப்பு விஷயங்கள். அவை ஒவ்வொன்றுக்கும் நோட்டீசுடன் விளக்கக் குறிப்பு இணைக்க வேண்டும். விவரம் தெரிந்த பங்குதாரர் சேர்மனின் வண்ணப் படத்தைத் தாண்டிப்போய் முதலில் படிப்பது இந்தக் குறிப்பைத்தான். உறவினர் கம்பெனியுடன் வியாபாரம், நிர்வாக இயக்குநரின் சம்பள உயர்வு போன்ற சங்கடமான சமாச்சாரங்கள் அங்கேதான் இருக்கும்.

கூட்டம் செல்ல எத்தனை பேர் வேண்டும்? உறுப்பினர்கள் 5 ஆயிரத்துக்கு மேல் இருந்தால் 30 பேர். பங்குதாரர்கள் லட்சக்கணக்கில் இருந்தாலும் இதே 30தான். அரை மணி நேரத்துக்குள் அவர்களும் வந்து சேராவிட்டால் கூட்டம் அடுத்த வாரம் அதே கிழமைக்குத் தள்ளிப்போகும். அன்றும் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, வந்தவர்களை வைத்தே நடத்திவிடலாம்.

மும்பையின் பழைய கூட்டங்களுக்குத் தனிச் சுவை உண்டு. சமோசாப் பொட்டலத்துக்காகவும் பரிசுக் கூப்பனுக்காகவும் அரங்கம் அரங்கமாக ஏறி இறங்கியவர்கள் இருந்தார்கள். மைக் பிடித்து சேர்மனைப் புகழ்ந்து கவிதை படித்தவர்களும் இருந்தார்கள். கம்பெனி செயலர்கள் கழகம் வகுத்த நெறிமுறை 2015 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தபோது, பரிசும் கூப்பனும் அதற்கு ஈடாகப் பணமும் தடை செய்யப்பட்டன. ஆனால் அதே அரங்கில், ஆண்டறிக்கையின் அடிக்குறிப்பு வரை கோடு போட்டுப் படித்துவிட்டு வந்தவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கேள்வி கேட்டால் சேர்மன் நிமிர்ந்து பார்த்தாக வேண்டும். பதில் மழுப்பலாக இருந்தால் அரங்கமே முணுமுணுக்கும்.

கேள்வி கேட்டார்கள், சரி. ஓட்டு? அங்கேதான் பழைய முறை பல்லிளித்தது. கை தூக்கிக் காட்டினால் தலைக்கு ஒரு ஓட்டு. யார் ஆட்களை அதிகமாகக் கொண்டுவந்து உட்கார வைத்தார்களோ அவர்கள் பக்கம் தீர்மானம் நிறைவேறும். வெளியூர்க்காரர் தனக்குப் பதிலாக ஒருவரை அனுப்பலாம். அந்தப் பதிலாளுக்கு வாய் திறந்து பேச உரிமை இல்லை.

பட்டியலிடப்பட்ட கம்பெனிகளுக்கு மின்னணு வாக்களிப்பு கட்டாயமானதும் இந்த நிலைமை தலைகீழானது. தூத்துக்குடியிலோ ஜாம்ஷெட்பூரிலோ இருந்துகொண்டே வாக்களிக்கலாம். ஒரு பங்குக்கு ஒரு ஓட்டு. குறைந்தது மூன்று நாட்கள் அவகாசம் உண்டு. கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு வாசல் மூடப்படும். அதுவரை போடாதவர்கள் கூட்டத்தில் கலந்துகொண்டு போடலாம். கூட்டம் முடிந்த பிறகுதான் வாக்குப் பரிசோதகர் எண்ணத் தொடங்குவார்.

இதன் வலு என்னவென்று 2021 ஆகஸ்டில் தெரிந்தது. சென்னையில் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களைத் தயாரிக்கும் ஐஷர் மோட்டார்ஸ், சித்தார்த்த லாலை மீண்டும் நிர்வாக இயக்குநராக்கவும் அவரது சம்பளத்துக்கும் சேர்த்து ஒரே சிறப்புத் தீர்மானம் கொண்டுவந்தது. ஏறத்தாழ பாதிப் பங்குகள் லால் குடும்பத் தரப்பிடம்தான் இருந்தன. ஆனாலும் ஆதரவு சுமார் 73 சதவீதத்தோடு நின்றுவிட்டது. தேவை 75. தீர்மானம் தோற்றது. யாரும் மைக்கைப் பிடுங்கவில்லை, நாற்காலியைத் தூக்கவில்லை. சம்பள உச்சவரம்பைக் குறைத்துக்கொண்டு இயக்குநர் குழு மறுபடியும் ஒப்புதல் கேட்டது. அப்போதுதான் கிடைத்தது.

ஓட்டுக்கு வந்த வாழ்வு கேள்விக்கு வரவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மே 5 அன்று, வீடியோ வழியாக ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்த மத்திய அரசு அனுமதித்தது. அடுத்தடுத்த சுற்றறிக்கைகள் அந்த அனுமதியை நீட்டித்தன. கம்பெனிகளுக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. அரங்க வாடகை இல்லை, கூச்சல் இல்லை. பேச விரும்புபவர் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். கிடைப்பது சில நிமிடங்கள். எல்லாக் கேள்விகளையும் மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு, சௌகரியமானவற்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, "மற்றவற்றுக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறோம்" என்று சேர்மன் முடித்துக்கொள்ள முடிகிறது. முணுமுணுக்க அரங்கம் இல்லை. ஒலியை அடைக்கும் பொத்தான் கம்பெனியின் கையில்.

அதற்காகப் பழைய முறைக்கே திரும்ப வேண்டும் என்பதில்லை. பதிவு அலுவலகம் இருக்கும் ஊரில்தான் கூட்டம் என்றிருந்தபோது, மும்பை கம்பெனியில் பங்கு வைத்திருந்த கோவைக்காரருக்கு ரயில் செலவே டிவிடெண்டைத் தாண்டியிருக்கும். இன்று அவருக்கும் உள்ளே வர வழி இருக்கிறது. அரங்கத்தில் அமர்ந்தவரும் திரையில் தெரிபவரும் ஒரே கூட்டத்தில் கேள்வி கேட்கும்படி செய்தால் இரண்டின் பலனும் கிடைக்கும். பதிலளிக்காமல் விட்ட கேள்விகளுக்கான பதிலைத் தனி மின்னஞ்சலில் அனுப்பாமல், எல்லாரும் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் மழுப்பலும் குறையும்.

அதுவரை பங்குதாரர் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. நோட்டீசின் விளக்கக் குறிப்பைப் படிப்பது, மாலை 5 மணிக்கு முன்பே ஓட்டைப் போட்டுவிடுவது, பேசப் பெயர் கொடுப்பது. வீடியோ கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவத்தைப் பொதுக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. சேர்மன் பதில் சொல்லாவிட்டாலும் கேள்வி அங்கே நிற்கும், அடுத்த ஆண்டு அதைச் சுட்டிக்காட்டலாம். கேட்காத கேள்விக்கு எந்த இயக்குநர் குழுவும் பதில் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.