வாய் திறவா ஈரல்!

“அலுப்புத் தீரக் கொஞ்சம் குடிக்கிறோம், அதனால் என்ன ஆகிவிடும்?” - பொன்மலைப் பட்டறையில் இரும்போடு மல்லாடித் திரும்பும் தோழர் கேட்கிறார். திருவரங்கத்தில் மூட்டை சுமக்கும் தோழரும் அதையே கேட்கிறார். உழைப்பவர் கேட்கும்போது உண்மையைச் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

குடித்த மதுவை ஈரல் அசிட்டால்டிகைடு என்னும் நஞ்சாக மாற்றுகிறது. உயிரணு ஒவ்வொன்றிலும், உடலைக் கட்டும் முறையை எழுதிவைத்த ஏடு உண்டு, டி.என்.ஏ. என்பர். அந்த ஏட்டைக் கிழிப்பது இந்த நஞ்சுதான். கிழிந்ததை உடல் ஒட்டிக்கொள்கிறது. நாள்தோறும் கிழித்தால்? ஒருநாள் ஒட்டு தவறுகிறது. தவறிய அணு தறிகெட்டுப் பெருகுகிறது. அதுதான் புற்றுநோய்!

முதலில் ஈரலில் கொழுப்புச் சேரும், பிறகு வீங்கும், பிறகு தழும்பேறிச் சுருங்கும். சிரோசிஸ் என்பர் மருத்துவர். பெரும்பாலும் அந்தத் தழும்பில்தான் புற்று முளைக்கிறது. 1988-லேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புற்றை உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் மதுவை வைத்துவிட்டது. கேடில்லாத அளவு என்று ஒன்று இல்லை என 2023-ல் உலக சுகாதார நிறுவனமும் அறிவித்துவிட்டது.

“வலிக்கவில்லையே!” என்பீர். ஈரல் எளிதில் வாய் திறவாது, தோழரே! முக்கொம்பு கொள்ளிடம் அணை நூற்றாண்டு கடந்து நின்றது. 2018 ஆகஸ்டு 22 இரவு அதன் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. முதல்நாள் பாலத்தில் நடந்தவனுக்கு ஏதேனும் தெரிந்ததா? வலி வந்து மருத்துவமனைப் படியேறும்போது, நோய் பலருக்கு முற்றியிருக்கிறது.

2024-ல் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது நாடே அலறியது. முத்திரை ஒட்டிய புட்டியால் ஆண்டுக்கணக்கில் அணு அணுவாய்ச் சாகிறவனுக்காக அலறுவது யார்? அவன் மனைவி மட்டுந்தானா?

2003 முதல் சில்லறை விற்பனையும் அரசின் கையில். விற்கும் கைக்குச் சோதிக்கும் கடமை இல்லையா? ஆலை வாயிலிலும் சந்தை முனையிலும் ஈரல் சோதனை நடத்துக! சுருங்கிய ஈரல் உடையோர்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துத் தருக! இதை நாம் கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்.

ஆனால், அரசு வரும்வரை ஈரல் காத்திருக்காது. கொழுப்புச் சேர்ந்த கட்டத்திலேயே குடியை விட்டால், பெரும்பாலும் ஈரல் தேறிவிடும். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்போர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம்; மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள்.

1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் நின்றார்கள். நம் வீட்டுப் பெண்கள் இன்று நமக்காகத் தெருவில் நிற்க வேண்டாம்.

புட்டியைக் கீழே வையுங்கள், தோழர்களே!