சிவப்பாக இருந்தால் பழரசமா?

போன மாதம் உறவினர் வீட்டு ரிசப்ஷனுக்குப் போயிருந்தோம். வாசலிலேயே சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி டம்ளர்களில் ஏதோ கொடுத்தார்கள். கேட்டதற்கு, "ஸ்ட்ராபெர்ரி மார்கரிட்டா, மது கலக்காதது" என்றார்கள். என் மகள் ஆசையாக இரண்டு டம்ளர் குடித்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் நாக்கெல்லாம் ஒரே சிவப்பு!

ஹோட்டலில் வேலை பார்க்கும் என் தம்பியிடம் கேட்டேன். "பல இடத்துல வெறும் சிரப்பும் சோடாவும்தான் அக்கா, பழமே இருக்காது" என்றான். மெக்சிகோ நாட்டு டெக்கீலா மது, ஆரஞ்சு மது, எலுமிச்சைச் சாறு கலந்து, கோப்பை விளிம்பில் உப்பு தடவித் தருவதுதான் அசல் மார்கரிட்டாவாம். மதுவை எடுத்துவிட்டால் மிச்சம் புளிப்பு, இனிப்பு, உப்பு. அட, பள்ளிக்கூட வாசலில் கொய்யாவுக்கு உப்பு, மிளகாய்த்தூள் தொட்டுத் தின்றோமே, அதே ருசிதானே!

எங்கள் பக்கம் ஆயக்குடி கொய்யாவுக்குக் கேட்கவா வேண்டும்? நன்கு பழுத்த நான்கு பழங்களை வேகவைத்து, மசித்து, விதை போக வடிகட்டினேன். இரண்டு எலுமிச்சம்பழச் சாறு, நான்கு ஸ்பூன் சர்க்கரை, குளிர்ந்த தண்ணீர் சேர்த்தேன். டம்ளர் விளிம்பில் எலுமிச்சை மூடியைத் தேய்த்து, உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த தட்டில் கவிழ்த்து எடுத்தேன். ஐந்து பேருக்குத் தாராளம்.

அன்று வந்திருந்த என் நாத்தனார், "கடையில ஒரு பாட்டில் வாங்கக்கூட முடியலையா அண்ணி?" என்று கேட்டது சுருக்கென்றது. ஆனால் அவள் பிள்ளைகளே இரண்டாவது டம்ளர் கேட்டார்கள்.

பாட்டிலை உடைத்து ஊற்றினால்தான் மரியாதை என்று நம்மை யார் நம்ப வைத்தது? பழ பானம் என்று விற்க 10 சதவீதம் பழச்சாறு இருந்தாலே போதும் என்கிறது விதி. எலுமிச்சைக்கு 5 சதவீதமே போதும். '100 சதவீதம் பழச்சாறு' என்று லேபிளில் போடக்கூடாது என்று 2024-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட்டது.

வீட்டில் செய்தாலும் சர்க்கரை சர்க்கரைதான். தினமும் வேண்டாம், சர்க்கரை நோயாளிகளுக்கு வேண்டவே வேண்டாம். ஆனால் விருந்தாளி வரும் நாளில், என்ன கலந்தோம் என்று தெரிந்து கொடுப்பதுதானே உண்மையான உபசாரம்? என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, பழனி.