கழுத்தில் விழும் கை

பின்னாலிருந்து ஒருவன் முழங்கையை மடக்கிக் கழுத்தை இறுக்கினால், தப்பிக்கக் கிடைப்பது சுமார் 10 விநாடிதான். மூச்சு நிற்பதற்கு முன்பே, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் நசுங்கி நினைவு தப்பிவிடும்.

முதல் வேலை எதிராளியை அடிப்பதல்ல, கழுத்தைக் காப்பது. முகவாயைத் தாழ்த்தி அவனுடைய முழங்கை மடிப்பின் பக்கம் திருப்ப வேண்டும். இரு கைகளாலும் அவன் கையைப் பற்றி மார்பை நோக்கிக் கீழே இழுக்க வேண்டும். கொஞ்சம் மூச்சு கிடைத்ததும் இடுப்பைத் தாழ்த்தி, பக்கவாட்டில் நகர்ந்து, தொடை இடுக்கில் தாக்கிவிட்டு ஓட வேண்டும். எதிரே நின்று இரு கைகளால் நெரித்தால், ஒரு கையை உயரத் தூக்கி உடம்பையே வேகமாகத் திருப்பினால் பிடி நழுவும். எந்தப் பிடியிலும் பலவீனமான இடம் கட்டைவிரல்.

படித்தால் மட்டும் இது கைக்கு வராது. வடக்கன் களரியில் கோல், வாள் எல்லாம் முடிந்த பிறகே வெறுங்கைப் பாடம். வடகரையில் களரி கற்பித்து 2017-ல் பத்மஸ்ரீ பெற்ற மீனாட்சி அம்மாளுக்குப் பயிற்சி தொடங்கியது ஏழு வயதில். அவ்வளவு காலம் இல்லாதவர்களுக்கு நாலைந்து அசைவுகள் போதும்; ஆனால் பயிற்சியாளர் முன்னால் திரும்பத் திரும்பச் செய்து பழக வேண்டும். கேரளக் காவல்துறை பெண்களுக்கு இதை இலவசமாகவே சொல்லித் தருகிறது. பழகும்போது யாரும் முழு பலத்தோடு நெரிக்கக் கூடாது. கையால் தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும் என்பது ஜூடோக்காரர்களின் விதி.

தப்பித்த பிறகுதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வெளியே தழும்பே இல்லாமல் உள்ளே காயம் இருக்கலாம். குரல் கம்மினால், விழுங்கச் சிரமப்பட்டால், தலை சுற்றினால், கண்ணில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. எதுவும் தெரியாவிட்டாலும் மருத்துவரைப் பார்ப்பதே நல்லது.

அடுத்தது புகார். பொள்ளாச்சி - பாலக்காடு வழியில் உள்ள மீனாட்சிபுரம் போன்ற எல்லை ஊர்களில், சம்பவம் கேரளத்திலா தமிழ்நாட்டிலா என்ற கேள்வி எழும். 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது. அவசரத்துக்கு இரு மாநிலத்திலும் ஒரே எண்: 112.