போர்டு மாட்டினால் கோர்ட் ஆகிவிடுமா?

ராஜபாளையத்துக்காரர்களுக்கு ரொம்ப நாள் மனக்குறை ஒன்று உண்டு. ஜனத்தொகை அங்கேதான் அதிகம் (2011 கணக்குப்படி ஏறத்தாழ 1 லட்சத்து 30 ஆயிரம், ஸ்ரீவில்லிபுத்தூரில் 75 ஆயிரம்தான்). மில், பஞ்சு, வியாபாரம் எல்லாம் அங்கேதான். ஆனால் பெரிய கோர்ட் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏற வேண்டும்! கலெக்டர் உட்காருவது விருதுநகரில், மாவட்ட நீதிபதி உட்காருவது ஆண்டாள் ஊரில். விசித்திரமான மாவட்டம்.

ராஜபாளையத்திலும் முன்சீப், மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் உண்டு. ஆனால் மாஜிஸ்திரேட்டால் மூன்று வருஷத்துக்கு மேல் சிறைத்தண்டனை கொடுக்க முடியாது. கொலை வழக்கு என்றால் கட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போய்விடும். அங்கிருந்து அப்பீல், மதுரைக் கிளைக்கு. (2004-க்கு முன்னால் சென்னைக்கே ஓட வேண்டும்.)

அதனால் "பெரிய கோர்ட்டை எங்க ஊருக்குக் கொண்டு வா" என்ற கோஷம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் பஸ் பயணமா ஒரு குடும்பத்தைச் சாய்க்கிறது? ஷிப்ட்டை விட்டுவிட்டுக் காலையிலேயே போய் நின்ற மில் தொழிலாளி, "எதிர்வாதிக்கு நோட்டீஸ் சார்வாகவில்லை, அடுத்த வாய்தா" என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறாரே, அதுதான் சாய்க்கிறது. போனது ஒரு நாள் கூலி. கோர்ட் அவர் வீட்டு வாசலிலேயே இருந்தாலும் அந்தக் கூலி போகத்தான் செய்யும்.

கோர்ட் என்றால் எல்லோர் கண்ணுக்கும் மேடையில் இருக்கும் நீதிபதி மட்டும்தான் தெரிகிறார். நோட்டீஸைத் தெருத் தெருவாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர் அமீனா. கட்டைத் தேடி எடுத்து வைப்பவர் பெஞ்ச் கிளார்க். சாட்சி சொன்னதை அடிப்பவர் டைப்பிஸ்ட். தீர்ப்பு நகலைச் சரிபார்க்கவும் தனியாக ஆள் வேண்டும். இதில் ஒரு நாற்காலி காலியாக இருந்தாலும் மேடையில் இருப்பவர் என்ன செய்வார், பாவம்! (கிரிமினல் வழக்கில் சம்மனைப் போலீஸ்காரர்தான் கொண்டுபோக வேண்டும். அவருக்குத் திருவிழா பந்தோபஸ்து வந்துவிட்டால் அந்த சம்மனும் காத்திருக்கும்.)

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. சிவில் வழக்கில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்று 2002-லேயே கொண்டுவந்தார்கள். அதை எதிர்த்துப் போனது சேலம் வழக்கறிஞர் சங்கம். சட்டம் செல்லும், ஆனால் தவிர்க்க முடியாத நிலையில் கூடுதலாகவும் கொடுக்கலாம் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆள் இல்லாத கோர்ட்டில் எது தவிர்க்கக்கூடிய நிலை?

ஆட்கணக்கைப் பாருங்கள். 10 லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் சொன்னது 1987-ல். ஐந்து வருஷத்தில் அதை எட்டுங்கள் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2002-ல். இன்றைக்கும் நாடு அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. அந்தக் கணக்கில் ராஜபாளையம் நகராட்சிக்கு மட்டுமே ஆறு நீதிபதிகள் வேண்டும். சுற்றியுள்ள கிராமங்கள் தனி.

2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஆள் எடுக்க அறிவிப்பு விட்டது. கட்டளைப் பணியாளர் முதல் காவலர் வரை மொத்தம் 2,329 இடங்கள்! ஒரே ராத்திரியில் காலியானவையா இவை? அத்தனை நாளும் அந்த வேலைகளை யார் செய்தார்கள்? ஒன்று, பக்கத்து நாற்காலிக்காரர் இரட்டிப்பாகச் செய்தார். இல்லையென்றால் யாருமே செய்யவில்லை.

கேட்கப் போனால் பிடிக்க ஒரு சட்டை கிடையாது. பணியிடத்துக்கு அனுமதியும் பணமும் அரசு கொடுக்க வேண்டும். சிவில் நீதிபதித் தேர்வை டி.என்.பி.எஸ்.சி. நடத்த வேண்டும். ஊழியர் நியமனம் நீதித்துறை கையில். ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டலாம், வசதிதான்.

கோர்ட் வாசலில் தினமும் வழக்குப் பட்டியல் ஒட்டுகிறார்களே, அதன் பக்கத்திலேயே இன்னொரு தாளையும் ஒட்டட்டும். எந்தெந்த நாற்காலி காலி, எந்தத் தேதியிலிருந்து காலி, நிரப்பச் சொல்லி யாருக்கு என்றைக்குக் கடிதம் போனது. ராஜபாளையத்தில் ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்று.