மரம் பேசுவது பொய்யா?

ரப்பர் மரத்தைப் பேசவைத்துக் கவிதை எழுதுவது பழங்கதை, அதை விட்டுத் தொலையுங்கள் என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. மலேசியாவில் ரவாங், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் எழுத வரும் இளையவர்களும் இதை நம்பிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

அது பள்ளிக்கூடத்துத் தன்கதைக் கட்டுரை என்பது முதல் குற்றச்சாட்டு. 'நான் ஒரு மிதிவண்டி' கடையில் தொடங்கிக் குப்பைமேட்டில் முடிவது உண்மைதான். தேய்ந்தது அந்த அச்சு, உத்தி தேயவில்லை. ஞாயிறும் கடலும் மரமும் பேசுவதுபோலவும் கேட்பதுபோலவும் பாடலாம் என்று தொல்காப்பியச் செய்யுளியலே இடம் தருகிறது. பாரதியின் குயில் பேசியதும் பிள்ளைகளுக்காக அல்ல.

மரத்துக்கு மனம் ஏது, அது பொய் என்பது அடுத்தது. 1856-இல் இதைப் பிழை என்ற ஆங்கிலக் கலை விமர்சகர் ரஸ்கினே, உணர்ச்சி மெய்யானால் மன்னிக்கலாம் என்றார். வேலை தெரியாமல் எழுதும்போதுதான் பொய் வருகிறது. 'என் இரத்தத்தை உறிஞ்சுகிறானே மனிதன்' என்று மரம் அழுதால் அது பொய். பால் வெட்டியவர்களைக் கேளுங்கள். விடியுமுன் குளிரில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறக் குறையும். பட்டையை மெல்லிசாகச் சீவவேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்; பிறகு அந்த இடத்தில் கத்தி சீராக ஓடாது. பதமான கை எது, அவசரக் கை எது என்று பட்டையைத் தடவியே சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட மரம் வாய் திறந்தால் தன்னை வெட்டியவளின் கையைப் பற்றித்தான் முதலில் பேசும்.

தொழிலாளியின் குரலை மரம் விழுங்கிவிடுகிறது என்பதுதான் கனமான வாதம். ஆனால் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் கங்காணி முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாததை, மர நிரையில் தனியே நிற்கும்போது தொழிலாளி மரத்திடம் சொல்லலாம். இருவருக்கும் விதியும் ஒன்றுதான். 1876-இல் பிரேசிலிலிருந்து விதையாகக் கிளம்பி, இலண்டன் வழியாக இங்கு வந்த மரம் அது. கப்பலேறி வந்தவர்கள் நம் முன்னோர். 25, 30 ஆண்டில் பால் வற்றியதும் மரத்தைச் சாய்த்தார்கள். செம்பனை வந்தது. வேலைக்கு ஆள் தேவை குறைந்தபோது தொழிலாளர் குடியிருந்த லயங்களும் காலியாயின. இந்தக் கதையை மரம் சொன்னால் தொழிலாளியின் கதை எப்படி மறையும்?

ஆசிரியர்களே, 'நான் ஒரு ரப்பர் மரம்' என்ற தலைப்பைத் தாராளமாகக் கொடுங்கள். எழுதுமுன், பால் வெட்டிய ஒரு பாட்டியிடம் பிள்ளையை அனுப்பிக் கேட்டுவரச் சொல்லுங்கள்.