சல்லியிலிருந்து ஒரு பெட்டி: அனுப்பும் செலவை யார் சுமப்பது?

உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் சல்லியில் இழைத்த பனையோலைப் பெட்டி கனடா போக வேண்டுமென்றால், முதலில் ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தரைவழியே கொழும்புக்குப் போயாக வேண்டும். திருகோணமலைத் துறைமுகம் கோதுமைக்கும் சீமெந்துக்கும் எரிபொருளுக்கும்தான். எங்கள் சிறு பொதிகளுக்கு அங்கே வழியில்லை.

போருக்குப் பின்னர் வந்த வாழ்வாதாரத் திட்டங்கள் தையல் இயந்திரம் தந்தன, கைப்பணிப் பயிற்சி தந்தன. செய்த பொருளை வாங்குபவர் கையில் சேர்ப்பது எப்படி என்பதை எங்கள் பக்கத்தில் சொல்லித்தந்தவர்கள் குறைவு. இப்போது பெண்கள் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் விற்கிறார்கள், சிலர் இணையக் கடையும் திறந்திருக்கிறார்கள். படம் எடுத்துப் போடுவது ஒரு பின்னேர வேலை. 'டெலிவரி' என்ற பகுதியில் என்ன நிரப்புகிறோம் என்பதில்தான் இலாபமும் நட்டமும் இருக்கிறது.

உள்நாட்டில் பெரும்பாலானோர் கேட்பது பொருள் கைக்கு வந்ததும் காசு தரும் முறை. தனியார் கூரியர்களிடமும் தபால் திணைக்களத்திடமும் இந்தச் சேவை உண்டு. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: ஒரு பெட்டியில் 300 ரூபா இலாபம், அனுப்பக் கூலி 400 ரூபா. பத்துப் பொதி அனுப்பி, இரண்டு பேர் வாங்காமல் திருப்பிவிட்டால், எட்டில் கிடைத்த 2,400 ரூபாவில் 800 கூலிக்கே போய்விடும். திரும்பி வரும் கூலி இதற்கு மேல். விற்ற காசும் உடனே கைக்கு வராது. நுண்கடன் தவணை அதற்காகக் காத்திருக்காது. ஆகவே தெரியாதவரிடம் கூலியையாவது முற்பணமாக வாங்குவதுதான் சரி. கேட்கக் கூச்சப்படுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். கடைக்காரர் யாரும் கூச்சப்படுவதில்லை.

'இலவச டெலிவரி' என்று போட வேண்டாம். குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் மட்டும் என்று போடலாம். திருகோணமலை மாவட்டம், ஏனைய மாவட்டங்கள், வெளிநாடு என்று வலயங்களைப் பிரிக்க வேண்டும். வூகொமர்ஸ் போன்ற மென்பொருள் மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் பொருந்தும் வலயத்தை எடுக்கும். எனவே சிறிய வலயம் மேலே இருக்க வேண்டும். இலங்கை முழுவதையும் மேலே வைத்தால் உப்புவெளியில் இருப்பவருக்கும் காலிக்கான கூலியே காட்டும்.

ஓலைப் பெட்டிக்கு இன்னொரு சிக்கல். சர்வதேசக் கூரியர்கள் நிறையோடு பருமனையும் பார்க்கும். நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பது வழமை. 40, 30, 20 அளவுள்ள பெட்டி அரைக் கிலோதான் என்றாலும் 4.8 கிலோவுக்குக் காசு கேட்பார்கள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பெட்டிகளாக விற்றால் அதே கூலியில் நாலு போகும்.

வெளிநாடு என்று ஒரே வலயம் வைக்கும் காலமும் போய்விட்டது. 800 டொலர் வரையான பொதிகளுக்கு இருந்த தீர்வை விலக்கை அமெரிக்கா 2025 ஓகஸ்ட் 29 இல் நிறுத்தியது. பல நாடுகளின் தபால் சேவைகள் அங்கு பொதி அனுப்புவதையே இடைநிறுத்தின. 150 யூரோவுக்குக் குறைந்த பொதிகளுக்கு 2026 யூலை 1 முதல் பொருள் வகைக்கு 3 யூரோ தீர்வை என ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2025 டிசெம்பரில் உடன்பட்டன. பாரிஸில் இருக்கும் உறவுக்கு ஒரு விலை, லண்டனுக்கு ஒரு விலை, ரொறன்ரோவுக்கு வேறு விலை. தீர்வையை வாங்குபவரே கட்ட வேண்டும் என்பதைக் கடையிலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும். விற்ற பொருளைச் சுங்கப் படிவத்தில் 'அன்பளிப்பு' என்று எழுதச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது பொய்ப் பிரகடனம். பிடிபட்டால் பொதி போய்விடும். வீட்டில் காயவைத்த கருவாட்டை ஐரோப்பாவுக்கு விற்பதும் நடக்காது. அங்கீகரிக்கப்பட்ட நிலையங்களில் பதனிட்ட மீன் பொருட்களை மட்டுமே வியாபாரத்துக்கு அங்கு எடுப்பார்கள்.

தொண்ணூறுகளில் வடக்கே பற்றரியும் சீமெந்தும் போகக்கூடாது என்று பட்டியல் வைத்திருந்தார்கள். இன்று அப்படித் தடையில்லை. ஆனால் தனித்தனியே கூலி கட்டும் ஒவ்வொரு பெண்ணும் பேரம் பேசப் பலமில்லாமல் நிற்கிறாள். பனை அபிவிருத்திச் சபையோ கூட்டுறவுச் சங்கமோ வாரத்தில் ஒரு நாள் சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளிப் பொதிகளை ஒன்றாகச் சேர்த்து, ஒரே கணக்கில் கொழும்புக்கு அனுப்பினால் மொத்தக் கட்டணத்துக்குப் பேசலாம். அதற்கு வேண்டியது ஓர் அறை, ஒரு தராசு, தமிழில் முகவரி வாசிக்கத் தெரிந்த ஓர் ஆள்.